தகரமா, துணியா?

போன வாரம் என் நண்பன் ஜெய்லானி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். சின்னக் கேள்விதான். அதைக் கேட்டு முடிப்பதற்குள் மனுஷனுக்கு வியர்த்துவிட்டது.

திருச்சுழியில் அவன் மகளுக்கு நிக்காஹ். மண்டபம் எதுவும் கிடைக்காததால் வீட்டை ஒட்டிய காலி மனையில் பந்தல் போட்டு விருந்து. அதே நாளில் இடி மழைக்கு வாய்ப்பு என்று டிவியில் சொல்லிவிட்டார்கள்.

"ஏலே, நீதான் வானிலைப் படமெல்லாம் பாக்குறியே... அன்னைக்கு மழை..." என்று இழுத்தான்.

"வரக் கூடாதுங்கிறியா?"

பதறிப்போனான். "சே சே! நான் அப்படிச் சொல்லுவனா? வரட்டும்ப்பா, நல்லா வரட்டும். மழைய வேணாம்னு சொன்னா இந்த வாயி வெளங்குமா?"

எங்கள் வானம் பார்த்த பூமியில் யாருமே அதைச் சொல்ல மாட்டார்கள். வீடு ஒழுகினாலும் சரி, களத்தில் மிளகாய் காய்ந்தாலும் சரி. மனசுக்குள் நினைப்பார்களோ என்னவோ... வாய் வராது!

ஆனால் பந்தல்காரர் சோலைராஜுக்குப் பதில் வேண்டுமே?

"தகரம் போட்டா மழைக்கு நல்லது பாய். பெருங்காத்து வந்துச்சுன்னா பிச்சுக்கிட்டுப் பறக்கும். ஆள் மேல விழுந்தா அம்புட்டுத்தான். துணின்னா அந்தப் பயமில்ல, ஆனா சோத்துல தண்ணி ஒழுகும். எதுன்னு சொல்லுங்க" என்று நின்றார்.

இங்கேதான் என் 'ஹோடோகிராஃப்' வந்தது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். காற்றை உயரவாரியாக வரைந்து காட்டும் படம், அவ்வளவுதான். தரையோரம் காற்று எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம்? நடுமையத்திலிருந்து அந்தப் பக்கமாக, வேகத்துக்கு ஏற்ற தூரத்தில் ஒரு புள்ளி. அதற்கு மேல் உயரத்துக்கு இன்னொரு புள்ளி. இப்படியே மேலே மேலே வைத்துக்கொண்டு போய் இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும்.

கோடு நீண்டு வளைந்திருந்தால் உஷார்! உயரத்துக்கு உயரம் காற்று மாறுகிறது. மேகத்துக்குள் ஏறும் காற்றும் இறங்கும் மழையும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு விலகிக்கொள்ளும். அந்த மேகம் லேசில் சாகாது, பெருங்காற்றோடு நெடுநேரம் ஆட்டம் காட்டும். கோடு ஒரே இடத்தில் சுருண்டு கிடந்தால்? மழை, தன்னை வளர்த்த காற்றின் தலையிலேயே விழும். கொட்டும்... ஓய்ந்துவிடும்.

இது எனக்குப் புரிய மாதக்கணக்கில் ஆனது. அப்படிச் சுருண்ட படம் ஒன்றை என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இது, பேனா எழுதலைன்னு கிறுக்கிப் பாத்தீகளா?" என்றாள்.

கிறுக்கலோ என்னவோ, ஜெய்லானிக்கு அதில் ஒரு பெரிய நிம்மதி இருந்தது. மழையைப் பற்றி அவன் வாயே திறக்க வேண்டாம். காற்றைப் பற்றிக் கேட்டால் போதும். காற்றை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் தயக்கமே கிடையாது!

விருந்துக்கு முந்தின நாள் படத்தைத் திறந்தேன். அதே பேனாக் கிறுக்கல். காற்று பெரிதாக எங்கும் ஓடவில்லை.

"தகரமே போடுங்க" என்றேன் சோலைராஜிடம். "ஆனா மழை எறங்குறப்ப திடீர்னு ஒரு வீச்சு வரும். இந்தப் படம் அதுக்குப் பொறுப்பில்ல. கயித்த ரெட்டையாக் கட்டுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, மறுநாள் பிரியாணியைப் பிசைந்துகொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தகரத்துக்கு அடியில் அத்தனை குழந்தைகள். ஒரே ஒரு தகரம் பெயர்ந்தாலும்...? நிஜமாகவே பயந்தேன்.

கடைசிப் பந்தி உட்கார்ந்தபோது வானம் கறுத்தது. புழுதியை அள்ளிக்கொண்டு அந்த வீச்சு வந்தது. தகரமெல்லாம் தடதடவென்று அடித்துக்கொண்டன. நானும் சோலைராஜும் ஆளுக்கொரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவர் கண்ணை மூடியிருந்தார். நானும்தான்.

பிறகு... காற்று நின்றது. மழை! சாய்வே இல்லாமல் நேராகக் கொட்டியது. ஒரு தகரம்கூடப் பெயரவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அண்ணே, பொழைச்சோம்!" என்று சோலைராஜ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்போதுதான் நரிக்குடியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் மாமா எழுந்தார். "யப்பா, மழையக் கண்டு எம்புட்டு நாளாச்சு!" என்று எச்சில் கையோடு வெளியே போய் நின்றார். அவர் பின்னால் நாலு பேர். அப்புறம் குழந்தைகள். அப்புறம் மொத்தப் பந்தியும்!

"ஏய், உக்காந்து சாப்புடுங்கப்பா! தகரம் எதுக்குப் போட்டிருக்கு?" என்று கத்தினான் ஜெய்லானி. யார் காதில் விழுந்தது? கொஞ்ச நேரம் பார்த்தான். புதுச் சட்டையோடு அவனும் இறங்கிவிட்டான். போகிற போக்கில் என்னையும் இழுத்துக்கொண்டான்.

அத்தனை உயரத்துக் காற்றையும் படித்து நனையாமல் நாங்கள் காப்பாற்றியது... பிரியாணியை மட்டும்தான்!