கடை வாசலில் தொங்கிய டயர்

நாலுவழிச் சாலை வேலை நடந்த சமயம். தாயில்பட்டி பட்டாசு கம்பெனிக்கு நான் தினமும் போகும் கரிசல் பாதை மழையில் வழுக்கும் என்பதால், பைக்கின் பின்சக்கரத்துக்கு, சேற்றில் பிடிப்புக் கொடுக்கும் முண்டுகள் வைத்த பட்டன் டயர் தேடினேன். என் மனைவியின் அண்ணன், தன் டயர் கடை வாசலில் விளம்பரத்துக்குத் தொங்கவிட்டிருந்ததைக் கழற்றித் தந்தார்.

"புதுசு மாப்ள, இன்னும் ரோட்டுல உருளவே இல்ல."

வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்த டயர் அது. சொந்தக்காரரிடம் சோதித்துப் பார்க்கக் கூச்சப்பட்டு, அப்படியே மாட்டிவிட்டேன்.

சாத்தூர் ரோட்டில் டயர் வெடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்குக் கை முறிந்தது. ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்த அண்ணன், "ரொம்ப வேகமா வந்தீகளோ?" என்றார்.

"மெதுவாத்தாண்ணே வந்தோம்" என்றாள் அவள். அவர் ஒரு பழத்தை எடுத்து உரித்தார்.

இப்போதெல்லாம் தெரியாதவர் கடையில்தான் டயர் வாங்குகிறேன். ஓரத்தை வளைத்து, ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று நிதானமாகப் பார்க்கிறேன். அங்கே சந்தேகப்பட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. விழுந்தால் யாரும் பழம் கொண்டுவரப்போவதும் இல்லை.