பெக்கு என்றால் பூனை

தம்பி பிறந்த கோடையில் அம்மாவுக்குப் பால் ஊறவில்லை. முதலில் அவன் அழுத அழுகையில் கொட்டகைக் கூரையே பறந்துவிடும் போலிருந்தது. போகப் போக அழுகை சிறுத்துக்கொண்டே வந்தது. சனியன் ஓய்ந்தான், இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பெரியவர்கள் முகம் மட்டும் ஏன் இப்படிக் கறுத்துப்போகிறது என்று விளங்கவில்லை. பிரசவம் பார்த்தவள் வந்து அவன் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். "சின்ன மீனு கொழம்பு வெச்சு இவளுக்குக் குடுங்க. பூண்டு நெறையத் தட்டிப் போடுங்க. பாலு ஊறலன்னா இது தங்காது" என்று சொல்லிவிட்டு, வெற்றிலை எச்சிலைத் துப்ப வெளியே போனாள்.

மீனுக்கா பஞ்சம்? உத்தனப்பள்ளிக்குப் போகிற பாதையில் ஏரி நிறைய மீன் துள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் அத்தனையும் குத்தகைக்கு எடுத்த முதலாளியுடையது. சேலத்துக்காரர். அப்பா அவருக்கு மாட்டுவண்டி ஓட்டினார். நாங்கள் குடியிருந்ததும் அவருடைய மாந்தோப்புக் கொட்டகையில்தான். அப்பா வாய்விட்டுக் கேட்டும் பார்த்தார். கோடை முடிந்து வலை போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. பிள்ளையும் கோடை முடிகிறவரை காத்திருக்கும் என்று அவர் நினைத்தார் போல. திருட்டுத்தனமாக ஒரு கெண்டைப் பொடி பிடித்தது தெரிந்தாலும் போதும், அப்பாவுக்கு வேலையும் போகும், எங்களுக்குக் கூரையும் போகும்.

"நீ இனி யாரையும் கேக்காதண்ணா. நான் தண்ணிக்குப் போயிட்டு வரேன்" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை அவள். கன்னட எல்லைக்கு அப்பால், ஆனேக்கல் பக்கம் வாக்கப்பட்டுப் போய், புருஷன் செத்த பிறகு எங்களோடு வந்துவிட்டவள். ஒரு மண்குடம், ஒரு கிழிந்த சேலை, கூடவே நான். உச்சி வெயிலில் புறப்பட்டோம். அப்பா வண்டிக்கு மையிடுகிற சாக்கில் குனிந்த தலை நிமிரவில்லை. அன்று ராத்திரி குழம்பில் மீன் எப்படி வந்தது என்றும் அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த ராத்திரியும் கேட்கவில்லை.

சேலையின் இரண்டு முனையை அத்தை பிடிப்பாள், இரண்டு முனையை நான். கோரைக்குள் மெதுவாக இழுத்துத் தூக்கினால் பொடிமீன்கள் துணியில் வெள்ளிக்காசு மாதிரி குதிக்கும். அள்ளிக் குடத்தில் போட வேண்டியதுதான். ஆனால் வேலை கையில் மட்டும் இல்லை. ஏரிக்கு ஒரு காவல்காரர் இருந்தார். எல்லை தாண்டி வந்த கன்னடக்காரர், ஒல்லியான நெட்டை மனிதர். மத்தியான வேளையில் கரையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், வாய் ஓயாமல் பாடிக்கொண்டே. கரைக்கு நடுவில் வீடு உயரத்துக்கு ஒரு பாறை இருந்ததால் எங்கள் கோரையிலிருந்து பார்த்தால் அவர் தெரியமாட்டார். பாட்டு மட்டும் கேட்கும். பாட்டு மெலிந்தால் அவர் கரைக் கோடியில் தண்ணீர் திறந்துவிடுகிற தூம்புப் பக்கம் போய்விட்டார், சேலையைப் போடலாம். பாட்டு வலுத்தால் வருகிறார், சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு குடத்தில் தண்ணீர் மொண்டவர்களாக நிற்க வேண்டும்.

"காது அங்க இருக்கட்டும் கண்ணு, கை இங்க இருக்கட்டும்" என்பாள் அத்தை.

எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. நாங்கள் நாகரசம்பட்டியிலிருந்து பிழைக்க வந்தவர்கள், கன்னடம் அத்தைக்கு மட்டும்தான் வரும். வரிக்கு வரி 'ரங்கா' என்று முடிந்ததால் சாமி பாட்டு என்று வைத்துக்கொண்டேன். காவல்காரரைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது. அப்படி ஒரு மண்டு! குடத்துக்குள் மீன் தபதபவென்று அடித்துக்கொள்ளும், அவர் எங்களைக் கடக்கும்போது சரியாக வானத்தை அண்ணாந்து பார்ப்பார். சித்திரை வெயிலில் மழை வருமா என்று பார்க்கிற ஆளை அப்போதுதான் பார்த்தேன். அத்தையும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அம்மாவுக்குப் பால் ஊற ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சநாள் விடாமல் கொடுங்கள் என்றாள் மருத்துவச்சி.

இதற்குள் யாரோ முதலாளி காதில் ஓதியிருக்கிறார்கள். அவர் லேசுப்பட்டவர் இல்லை. திருடுகிறவன் பாட்டைக் கேட்டுத்தான் கணக்குப் போடுகிறான் என்று கண்டுபிடித்துவிட்டார். அன்று மத்தியானம் காவல்காரரைத் தூம்பின் மேல் உட்காரவைத்து, "வாயை மூடாம பாடிக்கிட்டே இரு, எந்திரிச்சே, தொலைச்சுப்புடுவேன்" என்று சொல்லிவிட்டு, குடையோடு வந்து பாறைக்குப் பின்னால் குந்திக்கொண்டார். எங்கள் கோரை அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை.

இது தெரியாமல் நாங்கள் இறங்கினோம். பாட்டு எங்கோ தூரத்தில் கேட்டது. முதல் இழுப்பிலேயே அயிரையும் கெண்டையுமாகச் சேலை கனத்தது. அள்ளிக் குடத்தில் போட்டு, குடத்தைக் கோரைத் தூரில் அண்டக் கொடுத்தேன். இரண்டாவது தடவை சேலையை விரித்தபோது அத்தையின் கை அப்படியே நின்றுவிட்டது.

பாட்டில் சொல் மாறியிருந்தது. மெட்டு அதேதான்.

"பெக்கு கூத்தைதே பண்டே ஹிந்தே, ரங்கா... பாரப்யாட தங்கி, பாரப்யாட, ரங்கா..."

பெக்கு என்றால் பூனை. பூனை உட்கார்ந்திருக்கிறது பாறைக்குப் பின்னால். வராதே தங்கச்சி, வராதே. பல வருஷம் கழித்து நானும் கன்னடம் பேசுகிற ஊரில் வாழ்க்கைப்பட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். அன்று என் காதில் விழுந்தது கூத்து, அப்புறம் 'தங்கி'. ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது! தங்காது என்றாளே மருத்துவச்சி, இதோ சாமி பாட்டிலேயே தங்கி தங்கி என்று வருகிறதே, தம்பி தங்கிவிடுவான்!

"அத்தை, தங்கிடுமாம்..." என்று ஆரம்பித்தேன். அவள் உள்ளங்கை என் வாயை அடைத்தது. தோளைப் பிடித்து அழுத்தி என்னைக் கழுத்துவரை தண்ணீரில் உட்கார்த்தினாள். தானும் உட்கார்ந்தாள். வாய்மேல் இருந்த கையை எடுக்கவே இல்லை. பாட்டு தூரத்தில்தானே கேட்கிறது, இவளுக்கு என்ன வந்தது என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது.

அப்போது பாறைப் பக்கம் ஒரு இருமல். முதலாளியின் இருமல் எங்கள் தோப்பு முழுக்கப் பிரசித்தம். கோரை இடுக்கில் பார்த்தேன். பாறையோரம் கறுப்புக் குடையின் விளிம்பு, அதற்குக் கீழே ஒரு தொடை, தொடைமேல் ஒரு கை. அந்தக் கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது! பூனை தன்னைப் பற்றிய பாட்டுக்குத் தானே தாளம் போட்டது. அவருக்கும் ரங்கன் மட்டும்தான் புரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம், தெரியாது. ஒரு அட்டை என் கெண்டைக்காலில் ஏறிக் கடித்தது, நான் அசையவில்லை. அப்பாவின் வண்டி, மாடு, எங்கள் கூரை எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போயின. மூச்சை விட்டால்கூடத் தண்ணீரில் வளையம் போகுமே என்று பயந்தேன். தூரத்தில் காவல்காரர் பாடிக்கொண்டே இருந்தார். தொண்டை கட்டிக் கரகரத்தது. அப்போதும் நிறுத்தவில்லை, திரும்பத் திரும்ப அதே இரண்டு வரி.

நான் அண்டக் கொடுத்திருந்த குடம் மெல்ல நழுவியது. அத்தை கையை நீட்டினாள், எட்டவில்லை. குடம் ஆடி ஆடிக் கோரையை விட்டு வெளியே வந்து, நட்டநடு வெயிலில், எல்லோரும் பாருங்கள் என்பது போல மிதந்தது.

குடை எழுந்தது. "யார்றா அங்க? எந்திரிங்கடா வெளிய!"

அவர் கரையிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார். அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பாட்டு சட்டென்று நின்றது.

"கள்ளன்! ஐயா, கள்ளன்! தூம்புப் பக்கம் ஓடறான், பேக வாங்க, பேக, சீக்கிரம்!"

தூம்பிலிருந்து காவல்காரர் உயிர் போகிற மாதிரி கத்தினார். முதலாளி குடத்தைப் பார்த்தார், தூம்புப் பக்கம் பார்த்தார். கள்ளனே பெரிது என்று தோன்றியிருக்கும். குடையை மடக்கிக்கொண்டு, தொந்தி குலுங்க ஓடினார். அவர் பாறையைச் சுற்றி மறைந்ததும் அத்தை பாய்ந்து குடத்தைப் பிடித்தாள். ஓடினோம், தோப்பு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தில் மீன் அப்படியே இருந்தது. நான்தான் ஜெயித்தவள் மாதிரி குதித்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அத்தை பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தாள். அம்மா குடித்தாள். உள்ளே தம்பி பால் குடிக்கிற சத்தம் வெளியே கேட்டது. நல்ல பெருத்த சத்தம், கன்றுக்குட்டி தோற்றது. அப்பா வந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் வட்டிலில் களி, மேலே குழம்பு.

"ஏரிக் காவக்காரன மொதலாளி தொரத்திட்டாரு" என்றார் அப்பா, வட்டிலைப் பார்த்துக்கொண்டே. "கள்ளன்னு கூவனானாம். போய்ப் பாத்தா ஒருத்தனும் இல்ல. நீர்நாயி ஓடிச்சுங்கறானாம். கொடையாலயே அடிச்சிருக்காரு, நெத்தி ஒடஞ்சு ரத்தம். அப்படியே ஆனேக்கல் பாதையில நடந்து போய்க்கினு இருந்தான். நான் வண்டியில வரேன், ஏறுன்னு சொல்ல எனக்குத் தைரியம் வல்ல."

நீர்நாய்க்கும் திருடனுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்! நான் வாய்விட்டே சிரித்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அத்தை களியில் கையை வைத்தபடி அசையாமல் இருக்கிறாள், தொண்டை ஏறி இறங்குகிறது, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது.

முள் மாட்டியவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் வட்டிலிலிருந்து களியைக் கிள்ளி, பெரிதாக உருட்டி, அவள் வாயருகே கொண்டுபோனேன். "முள்ளு மாட்டிக்கிச்சா அத்தை? மெல்லாத. அப்படியே முழுங்கு, எறங்கிடும்."

அத்தை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லாமல் விழுங்கினாள். முள்ளை எடுத்துவிட்ட பெருமையில் நான் என் மீனைத் தின்னத் திரும்பினேன். அவள் வட்டிலில் மீனே இல்லை.