தண்ணீர் வெளியேறும் இடம்

கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஊரில் உள்ள குழியெல்லாம் தூர்ந்துவிடும். என் வேலையில் நான் தினமும் சொல்லும் பொய் அது. ஆளில்லாத குட்டி விமானம் மேலே பறந்து எடுத்த படங்களை ஒட்டவைத்து, மேடு எது பள்ளம் எது என்று பார்த்து, எங்கே பெய்த மழை எந்த ஏரிக்குப் போய்ச் சேரும் என்று கோடு போடுவது எங்கள் வேலை. அந்தக் கோட்டை வைத்துத்தான் எங்கே தடுப்பணை, எங்கே கால்வாய் என்று திட்டம் போடுகிறார்கள். தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாத குழி ஒன்று படத்தில் தென்பட்டால் மென்பொருள் அதைப் பிழை என்றுதான் எடுத்துக்கொள்ளும். இயற்கையில் அப்படி ஒரு பள்ளம் அபூர்வமாம். ஒரு பொத்தான், எல்லாம் சமம்.

மென்பொருள் எழுதிய மகாராசன் கோலார் தங்கவயல் பக்கம் வந்ததில்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை பெங்களூரில். வீடு சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு. அங்கே நானும் என் அப்பா நைனாவும். கல்யாணம் என்று ஒன்று நடந்தது, முடிந்தும் போனது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. விடியுமுன் ரயில், இருட்டிய பிறகு ரயில். எனக்கு உட்கார இடம் கிடைப்பது ரயில் புறப்படும் மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்கள் துண்டு போட்டு வைக்காமல் விடுவதைப் பொறுத்தது. பெரும்பாலும் கதவோரம் தரையில் உட்கார்ந்து போவேன். வருடக்கணக்காக ஒரே கதவோரம், எதிரே ஒரே முகங்கள். ஒருநாள் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டு அழுதிருக்கிறேன். தலைவலியா என்று கேட்டு ஒருவர் மாத்திரை கொடுத்தார்.

பெங்களூரில் ஒரு அறை எடுத்துத் தங்கிவிட வேண்டும் என்பது என் ஒரே ஆசை. நைனா அசைய மாட்டார். சுரங்கத்தில் தின்ற தூசு அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை, நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். ஆனால் பெங்களூர் என்று சொன்னால் மட்டும் இருமாமல் பேசுவார்.

"அங்க இன்னா கீது? ரெண்டு ரூமுக்குள்ள பூட்டிக்கினு உக்காரணும். சுரங்கம் மூடனப்போ இந்த வூடுதான் கைக்கு வந்துது. வுட்டு வரமாட்டேன்."

நான் இல்லாத பகலெல்லாம் அவரைப் பார்த்துக்கொள்வது எதிர்வரிசைக் கடைசி வீட்டு அக்கா. சந்து குறுகலானது, அக்கா தன் வாசலில் இருந்தபடியே "நைனா, மாத்திர துன்னியா?" என்று கேட்டால் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். மத்தியானச் சோறு அக்கா வீட்டிலிருந்துதான் வரும். அக்காவின் கணவரும் என்னைப்போல் தினமும் ரயிலில் போய்வருகிறவர், பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். அந்த அக்கா இல்லையென்றால் நான் வேலைக்கே போயிருக்க முடியாது. நன்றி நிறைய உண்டு. அந்த நன்றியே சில நாள் கழுத்தை நெரிக்கும்.

எங்கள் தாலுகாவின் படங்கள் ஒருநாள் என் மேசைக்கே வந்தன. மற்ற ஊரென்றால் மேடு பள்ளம் பார்ப்பேன், இது சொந்த ஊர், முதலில் வீட்டைத் தேடினேன். தகரக் கூரையின் ஓட்டைக்காக நான் போட்ட நீலத் தார்ப்பாய் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் வைத்த கற்கள்கூடத் தெரிந்தன. வாசலில் ஒரு புள்ளி, பக்கத்தில் நாற்காலியின் நிழல். நைனா. படம் எடுத்த நேரத்தில் நான் ரயிலில் இருந்திருப்பேன். பகலில் அவர் அப்படித்தான் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாதா என்ன, இருந்தாலும் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பழக்க தோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டேன். குழிகள் தூர்ந்தன. எங்கள் சந்து சமமாகி, அதன் வழியாகத் தண்ணீர் அழகாக ஓடியது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தச் சந்தில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததே கிடையாது. ஒரு பக்கம் தங்கம் எடுத்து மிச்சமான மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த சயனைட் மேடு, இன்னொரு பக்கம் ரயில்பாதைக் கரை, முன்னால் மேட்டுத் தெரு. பின்னால் சந்து முடிகிற இடத்தில், பழைய சுரங்க மிஷின் நின்ற கருங்கல் மேடை. பீரங்கி வைத்தாலும் பெயராது. மனிதர்கள் கட்டி வைத்த குழி அது. பெரிய மழை வந்தால் சயனைட் மேட்டின் சாம்பல் நிறச் சேறு கரைந்து வந்து சந்தை நிரப்பி, எங்கள் வீட்டிலும் அக்கா வீட்டிலும் ஒரே நேரத்தில் நுழையும். நைனாவின் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம். தண்ணீர் வடியும்வரை அவர் அதன்மேலேயே உட்கார்ந்திருப்பார். அந்தச் சேற்றை மொண்டு மொண்டு ஊற்றி என் இடுப்பு விட்டுப்போயிருக்கிறது. அது பிழையாம்.

செய்ததை ரத்து செய்தேன். போன மழையில் போனில் எடுத்த படங்களையும் சேர்த்து, இது நிஜக் குழி என்று எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினேன். கன்னடக்காரப் பிள்ளை, என்னைவிட வயது குறைவு, நல்ல மாதிரி. கூப்பிட்டுச் சொன்னான்: "நிஜம்னா விடக்கூடாது மேடம். கால்வாய் போட்டே ஆகணும். தண்ணி வெளியேற வேண்டிய இடம் எதுன்னு மட்டும் நீங்க குறிச்சுக் கொடுங்க. உங்க ஊரு, உங்களுக்குத்தானே தெரியும்."

மேடைக்குப் பின்னால் இருக்கும் தாழ்ந்த நிலத்துக்குத் தண்ணீர் வெளியேற இரண்டே இடம்தான். கருங்கல் மேடைக்கு இடப்பக்கம் எங்கள் வீடு, வலப்பக்கம் அக்கா வீடு. ஏதாவது ஒன்றை இடித்துத்தான் கால்வாய் போகும். எந்த வீடு ஒரு பிடி தாழ்வு என்று படத்தைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. அதற்குக் கூரைதான் தெரியும், கூரைக்குக் கீழே தரை எப்படி என்று தெரியாது. எதைக் குறித்தாலும் ஆபீஸில் கேள்வி வராது. ஏதாவது ஒரு வீடு நிச்சயமாகத் தாழ்வு என்றிருந்தால் எவ்வளவு நிம்மதி.

நாள் கடத்தினேன். இரவு வீட்டுக்கு வந்தால் நைனா சாப்பிட்டிருப்பார், எனக்கும் அக்கா ஒரு கிண்ணத்தில் குழம்பு வைத்திருப்பார். அந்தக் குழம்பைத் தின்றுவிட்டுப் போய் அந்த வீட்டின்மேல் கோடு போடக் கை வருமா? வரவில்லை. எங்கள் வீட்டைக் குறித்தேன்.

இதை யாரிடமாவது சொன்னால் தியாகம் என்பார்கள். பாதிதான் தியாகம். மீதிப் பாதி, வீடு போனால் நைனாவுக்கு வேறு வழியிருக்காது, என்னோடு பெங்களூருக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பது. கோடு போட்ட அன்றே ஆபீஸுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து வைத்துவிட்டேன். திரும்பும் ரயிலில் கதவோரம் உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

திட்டம் கையெழுத்தாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கிற ஆட்கள் வந்து எங்கள் சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். நைனா நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதைப் பார்த்தார்.

"இன்னாது இது?"

"கால்வா வருது நைனா. நம்ம வூட்டு வழியா. நான்தான் கோடு போட்டேன்."

இருமி முடிக்கக் காத்திருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எதிர் வூடு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்போ சரி" என்றார்.

இவ்வளவு சுலபமா என்று எனக்கு உடம்பே லேசானது. பெங்களூர் வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தரைத்தளம், படி ஏற வேண்டாம், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"எனக்கு எதுக்குமா அதெல்லாம்? அக்கா வூட்ல முன்ரூமு சும்மாதான கீது. இந்தக் கட்டில தூக்கி அங்க போட்டுட்டா போச்சு. சோறும் அங்கதான துன்றேன். நீயும் அங்கயே வந்துடு. ஸ்டேஷன் அதே தூரம்தான்."

கோபத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவரிடம் நின்றால் என்ன பேசுவேனோ என்று சந்தைத் தாண்டி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா சொல்றத கேட்டீங்களாக்கா?"

"கேட்டுக்கினுதான் இருந்தேன்." தலை நிமிராமல் தேய்த்தார். "ஒண்ணு கேக்கட்டுமா? எங்க வூட்டு வழியாவும் கால்வா போயிருக்குமா?"

"போயிருக்கும்க்கா. ரெண்டும் ஒரே பள்ளம்தான்."

"அப்போ எங்க வூட்டயே போட்டிருக்கலாமே."

எனக்கு உடனே விளங்கவில்லை. அக்கா சொன்னார்: "சேறு வர வூட்ட யாரு வாங்குவாங்க? சும்மா போட்டுட்டு போவ எங்க வூட்டுக்காரருக்கு மனசு வரல. கவர்மெண்டே காசு குடுத்து எடுத்துக்கினா பெங்களூர் பக்கம் போயிடலாம், அவரும் தெனம் ரயில்ல சாவ வேணாம்னு எத்தினி வருஷமா பேசிக்கினு கீறோம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேக்கா."

"எப்பிடி சொல்றது? நாங்க போயிட்டா நைனாவ யாரு பாத்துக்கறதுன்னு நீ தவிப்ப. அதான் வாயத் தொறக்கல."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆசை இருந்திருக்கிறது. ஒருவருக்காக ஒருவர் அதை மூடி வைத்திருந்திருக்கிறோம். நான் அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவர் போவதற்கு இருந்த ஒரே வழியை என் வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். நைனா வராமல் அந்த வழியில் நானும் போகப் போவதில்லை.

"இப்போ மாத்த முடியாதா?"

"கையெழுத்து ஆயிடுச்சுக்கா."

அக்கா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டார். எதிரே நாற்காலியில் இருமிக்கொண்டிருந்த நைனாவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுந்து முன்ரூமுக்குள் போய், அங்கே அடுக்கியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்த ஆரம்பித்தார்.

"கட்டில எந்தப் பக்கம் போடறது, சொல்லு" என்றார்.

ஜன்னல் பக்கம் போட்டால் அவருக்கு மூச்சு நன்றாக வரும் என்றேன்.