கப்பல் நின்றும் நிற்காத ஆட்டம்

மற்றவர்களுக்குத் தரை தரையாகவே இருந்தபோது எனக்கு மட்டும் அது ஐந்து மாதம் ஆடியது. மேலும் கீழும், இடமும் வலமும், விடாமல் ஆடியது. படுத்தால் கட்டில் ஆடும். உட்கார்ந்தால் நாற்காலி ஆடும். நின்றால் சொல்லவே வேண்டாம். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்தேன். இனிமேல் இப்படித்தான் என்றால் எதற்கு இருக்க வேண்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அந்த நினைப்பிலிருந்து அம்மன் என்னை எப்படித் தூக்கிவிட்டாள் என்பதைத்தான் எழுதுகிறேன். கூட்டு வழிபாட்டில் எழுந்து பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள்.

என் பெயர் ஜெயா. வயது ஐம்பத்திரண்டு. வீடு சிடாம் கிரியில். ஒரு தமிழ்ப்பள்ளியில் கேண்டின் நடத்துகிறேன். விடியும் முன்னே அடுப்பைப் பற்றவைத்தால், ஓய்வு மணி அடிப்பதற்குள் நாசி லெமாக், மீ கோரேங், கறிபாப், வடை எல்லாம் தயாராக வேண்டும். பதினாறு வருடமாக நின்றே பிழைத்தவள் நான். எனக்கு உட்காரத் தெரியாது என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

பினாங்கில் வேலை செய்யும் எங்கள் மகள், எங்களுடைய இருபத்தைந்தாவது திருமண நாளுக்குக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்தாள். பள்ளி விடுமுறையில் பினாங்கில் ஏறி, லங்காவி, புக்கெட் என்று நான்கு நாள் சுற்றினோம். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். எந்த வண்டியிலும் அசராத மனிதர், கப்பல் கிளம்பி இரண்டு மணி நேரத்தில் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. மூன்று வேளையும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன். "வாய்தான் பெருசு உங்களுக்கு" என்று அவரைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூட வரவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். சமையலறைத் தரை மெதுவாக மேலே எழும்பிக் கீழே இறங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"கப்பல் இன்னும் உன் காலுக்குள்ளதான் இருக்குலா. ரெண்டு நாள்ல எறங்கிடும்" என்றார் அவர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் ஒரு வாரம் ஆனது. ஒரு வாரம் மூன்று வாரம் ஆனது. அது இறங்கவில்லை.

அதற்குள் பள்ளி திறந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை வடை சுட்டுக்கொண்டிருந்தபோது என் உடம்பு என்னைக் கேட்காமலே முன்னால் சாய்ந்தது. எதையாவது பிடிக்க வேண்டும் என்று கையை நீட்டினேன். கைக்கு அகப்பட்டது எண்ணெய்ச் சட்டியின் காது. கொதிக்கிற எண்ணெய் தரையில் கொட்டியது. கொஞ்சம் தள்ளித்தான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டும் கையுமாக வரிசையில் நின்றார்கள். யார் மேலும் படவில்லை. அன்றைக்கே கரண்டியை என் உதவிக்கு இருக்கும் மாலாவிடம் கொடுத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கண்ணீருக்குக் காரணம் கேட்பார் யாரும் இல்லை, அதுவரைக்கும் நல்லது.

கிளினிக்குகளுக்குப் போனோம். நர்ஸ் மிஸ்ஸி ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. ரத்தம் எடுத்தார்கள், அதுவும் சரி. காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்கள், அதுவும் சரி. ஒரு டாக்டர் இந்த வயதில் பெண்களுக்கு இப்படி வரும் என்றார். தலைசுற்றல் மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் எனக்குத் தூக்கம் வந்தது, ஆட்டம் தூங்கவில்லை. பக்கத்து வீட்டார் கண் பட்டிருக்கிறது என்றார்கள். கப்பலில் எடுத்த படங்களை எல்லாருக்கும் அனுப்பியவள் நான்தானே. பூசணிக்காய் சுற்றி உடைத்தோம்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. காடியில் போகும்போது ஆட்டம் நின்றுவிடும். வண்டி ஓட ஓட எனக்குள் எல்லாம் அமைதியாகிவிடும். சிக்னலில் நின்றால் திரும்பவும் ஆரம்பித்துவிடும். உலகத்துக்கே வண்டியில் போனால்தான் தலை சுற்றும். எனக்கு வண்டி நின்றால் சுற்றுகிறது என்று யாரிடம் சொல்வது? நடிக்கிறாள் என்பார்கள். இல்லை, மூளைக்கோளாறு என்பார்கள். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். வேலை விட்டு வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், என்னை ஏற்றிக்கொண்டு மெர்போக் வரை போய்த் திரும்புவார். அந்த ஒரு மணி நேரம்தான் நான் மனுஷியாக இருந்தேன். வீட்டு வாசலில் இன்ஜினை அணைக்கும் முன் என் முகத்தைப் பார்ப்பார். "இன்னொரு ரவுண்டு போலாமா?" என்பார். சில நாள் போனோம்.

அம்மனிடம் தினமும் ஒன்றையேதான் கேட்டேன். வேறு எதுவும் வேண்டாம் தாயே, அடுப்பு முன்னால் என்னை அசையாமல் நிற்க விடு என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஆடி மூன்றாம் வெள்ளி. தோட்டத்துக் கோயிலில் பால்குடம். நான் குடம் எடுக்கவில்லை. வழக்கமாகச் சன்னதிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், யாருக்கும் தெரியாது. அன்று கூட்டம். என் கையில் மாவிளக்குத் தட்டு. பிடிக்கக் கம்பியும் இல்லை, கையும் இல்லை. உறுமி மேளம் ஏறியது. கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணை மூடினால் ஆட்டம் இரண்டு மடங்காகும் என்பது அப்போது மறந்துபோனது. என் உடம்பு முன்னும் பின்னும் போய் வந்தது.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ ஒரு பெண் கத்தினாள்.

அடுத்த நிமிடம் என் கையில் தட்டு இல்லை, வேப்பிலை இருந்தது. தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மேளக்காரர்கள் என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். பூசாரி அண்ணன் கற்பூரத்தட்டோடு முன்னால் வந்து, "யாரும்மா வந்திருக்கறது? சொல்லும்மா" என்றார். பெண்கள் காலில் விழுந்தார்கள்.

இங்கே நான் உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு மாதமாக நான் ஆடினால் சீக்காளி. இப்போது ஆடினால் சாமி. யாரும் என்னைப் பாவமாகப் பார்க்கவில்லை. பூசாரியின் தட்டில் இருந்து விபூதியை எடுத்து இரண்டு பேர் நெற்றியில் பூசியும் விட்டேன். அம்மன் என்னை மன்னிக்கட்டும்.

அப்போது ஒரு அக்கா என் முன்னால் வந்து முட்டி போட்டார். பெயர் லெட்சுமி. பாடாங் மேஹாவிலிருந்து வந்தவர் என்று பிறகுதான் தெரியும். முன்பின் பார்த்தது இல்லை. என் முட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஆத்தா, என் வீட்டுக்காரருக்கு இனிப்புநீர். கால் வெரலு ரெண்டு கறுத்துப் போச்சு. உடனே வெட்டணும், இல்லனா முழுக் காலும் போயிடும்னு டாக்டரு சொல்றாரு. இவரு மாட்டேங்கறாரு. ஆத்தா சொன்னாதான் கேப்பேன்னு ஒக்காந்திருக்காரு. வெட்டலாமா, வேணாமா? நீ ஒரு வார்த்த சொல்லு."

மேளம் அடங்கியது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். வெட்டு என்று சொல்லியிருக்கலாம், நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் அதையும் அம்மன் பெயரால் சொல்ல நான் யார்? நாளைக்கு இன்னொருத்தி வந்து இன்னொன்று கேட்பாள். கருவறையைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேப்பிலையைக் கீழே வைத்தேன். அந்த அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் முட்டி போட்டேன்.

"அக்கா, எனக்குச் சாமி வரலக்கா. நான் சிடாம் கிரி கேண்டின்கார ஜெயா. கப்பல்ல போயிட்டு வந்ததுலேர்ந்து எனக்கு ஒடம்பு ஆடுது. நின்னா ஆடுது, ஒக்காந்தா ஆடுது. காடில போனா மட்டும் நிக்குது. என்னானு தெரியல. பயந்துகிட்டு யார்கிட்டயும் சொல்லல. என்னைய கேக்காதீங்க, டாக்டரு சொன்னத கேளுங்க."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். என் காலில் விழுந்த ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூசாரி அண்ணன் கற்பூரம் அணைகிறதே என்ற கவலையில், "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா சூசா, என்ன கஷ்டம் ஒனக்கு?" என்று கடிந்துகொண்டார். அவர் கேட்டது நியாயம்தான். லெட்சுமி அக்கா மட்டும் என் கையை விடவில்லை.

நனைந்த சேலையோடு வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். இனி இந்தக் கோயில் பக்கம் எப்படி வருவது என்று அழுதேன். அப்போது பால்குடம் எடுத்த மஞ்சள் சேலையோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் கவிதா. ஆஸ்பத்திரியில் ஃபிசியோதெரபி வேலை.

"ஆண்ட்டி, காடில போனா நிக்குதுன்னு சொன்னீங்கல்ல? காடி நின்னதும் திரும்ப வருதா?"

"வருதும்மா."

"கப்பல்லேர்ந்து எறங்கின அன்னிக்கே ஆரம்பிச்சுதா? தலை சுத்துற மாதிரி இல்லாம, படகுல நிக்கற மாதிரியா?"

நான் அவளையே பார்த்தேன். என் உடம்புக்குள் இருந்து பார்ப்பவள் போலக் கேட்டாள்.

"இதுக்குப் பேரு இருக்கு ஆண்ட்டி. கொஞ்சம் பேருக்குத்தான் வரும். அதிலயும் உங்க வயசுப் பொம்பளைங்களுக்குத்தான் நெறய. உங்களுக்குப் பைத்தியம் இல்ல. இந்தக் காடி விஷயத்த டாக்டர்கிட்ட சொல்லியிருந்தீங்கனா அப்பவே கண்டுபிடிச்சிருப்பாங்கலா."

சொல்லியிருந்தால். அந்த ஒரு விஷயத்தைத்தான் நான் இரண்டு மாதமாக விழுங்கி வைத்திருந்தேன்.

அவள் சொன்னபடி கிளினிக்கில் எல்லாவற்றையும் சொல்லிக் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய டாக்டரைப் பார்த்தோம். அவர் வேறு நோய் எதுவும் இல்லை என்று சோதித்து உறுதி செய்தார். எல்லாருக்கும் ஒரே மாதிரி குணமாகாது, பொறுமையாகப் பயிற்சி செய்ய வேண்டும் என்றார். கவிதா பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு தலையைத் திருப்ப வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும். மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கக் கூடாது. மெர்போக் சவாரியையும் குறைக்கச் சொன்னாள், அது அந்த நேரத்துக்கு மட்டும்தான் என்றாள். என்னைவிட என் வீட்டுக்காரருக்குத்தான் அதில் வருத்தம். பிறகு அவரும் என்னோடு நடக்க வந்தார்.

ஒரே நாளில் அதிசயம் நடக்கவில்லை. மூன்று மாதம் பிடித்தது. சில நாள் நன்றாக இருக்கும், மறுநாள் பழையபடி ஆடும், நான் உட்கார்ந்து அழுவேன். ஆனால் தனியாக அழவில்லை, அதுதான் வித்தியாசம். பிறகு ஒரு காலை, வடை போட்டுக்கொண்டிருந்தபோது மாலா, "அக்கா, நீங்க சட்டிய விட்டு நகரவே இல்ல, பாத்தீங்களா?" என்றாள். அப்போதுதான் கவனித்தேன். தரை நின்றுவிட்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பள்ளி வாசலில் உள்ள பிள்ளையாரிடம் ஓடினேன். அசதி மிஞ்சிய நாளில் இன்றும் லேசாக ஒரு அசைவு வரும். வந்தால் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன்.

லெட்சுமி அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று அவர் நேராக வீட்டுக்குப் போய், ஆத்தா எதுவும் சொல்லவில்லை, கேண்டின்காரம்மா டாக்டரைக் கேட்கச் சொன்னார் என்று சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். விரல் இரண்டு போனது, கால் தப்பியது. கடந்த வெள்ளிக்கிழமை இருவரும் கோயிலுக்கு வந்தார்கள். தடியை ஊன்றிக்கொண்டு அந்த அண்ணன் என் முன்னால் வந்து நின்றார்.

"நீதான் கப்பல்காரம்மாவா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அன்னிக்கு ஆத்தா பேர சொல்லி வேணாம்னு ஒரு வார்த்த வந்திருந்தா, நான் செத்துப்போயிருப்பேன்மா. ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டேன்."

அந்த அண்ணனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தீபாராதனை பார்த்தோம்.

சொந்தங்களே, இரண்டு மாதம் அம்மனிடம் ரகசியமாக அழுதேன், மனிதர்களிடம் மறைத்தேன். அவள் கேட்காமல் இருக்கவில்லை. பதிலைப் பால்குடத்தோடு என் பக்கத்து வரிசையில் நிற்க வைத்திருந்தாள், நான்தான் வாயைத் திறக்கவில்லை. உங்களில் யாருக்காவது வெளியே சொல்ல வெட்கப்படும் வலி இருந்தால், இந்த வெள்ளி கோயிலுக்கு வாருங்கள். அவளிடம் சொல்லுங்கள். அப்படியே பக்கத்தில் நிற்பவரிடமும் சொல்லுங்கள். நான் சன்னதிக்கு இடதுபக்கம், கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டிருப்பேன்.