ஒயரைப் பிடுங்காத வேந்தன்

ஊரிகம் வேந்தனுக்கு ஷாக் அடிப்பது புதிதல்ல. கடைகளில் இருக்கிற எலெக்ட்ரானிக் தராசைப் பிரித்து மேய்கிற ஆள் ஒரு நாள் ஷாக் அடிக்காமல் வீடு திரும்பினால், அன்றைக்கு அவர் வேலையே பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், பெங்களூரு ஆபீஸில் மேனேஜர் விநாயக் அவர் கையில் வைத்த சாமானைப் பார்த்து வந்த அதிர்ச்சி வேறு ரகம்.

"இன்னா சார் இது, பேனாவா?"

"சால்டரிங் அயர்ன் குரு. போர்ட்டபிள்." பெங்களூர்க்காரர் விநாயக்குக்கு யாராக இருந்தாலும் 'குரு'தான்.

வேந்தனுக்குத் தெரிந்த சால்டரிங் அயர்ன், அதாவது ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிற கம்பி, முருங்கைக்காய் நீளம் இருக்கும். சுவரில் செருகினால் டீ குடித்துவிட்டு வரும்போது சூடாகியிருக்கும். எவ்வளவு சூடு என்பது அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இதுவோ சட்டைப் பையில் செருகுகிற அளவு. நெற்றியில் சின்னத் திரை, அதில் சூட்டின் டிகிரி. நாம் எந்த டிகிரி கேட்கிறோமோ அங்கே போய் நின்றுகொள்ளும். பவர் பேங்கிலிருந்து ஒரு ஒயர் கொடுத்தால் போதும். மேஜையில் அசையாமல் கிடந்தால் தானாகத் தூங்கிவிடும். கையில் எடுத்து லேசாக அசைத்தால் எழுந்து மறுபடி கொதிக்கும்.

"நம்ம ஆபீஸ்ல பாதிப் பேர் இந்த மாதிரிதான் சார்," என்றார் வேந்தன். விநாயக் சிரிக்கவில்லை. விஷயத்துக்கு வந்தார்.

"நீ டெஸ்ட் பண்ணு. எல்லா கண்டிஷன்லயும். திங்கக்கிழமை சொல்லு. ஓகேன்னா, இனிமே ரிப்பேருக்குத் தராசை இங்க தூக்கிட்டு வர வேணாம். அந்தந்த ஊர்ல ஒரு ஆளைப் போட்டுருவேன். கடையிலேயே உக்காந்து பத்த வெச்சுட்டுப் போயிடலாம். கேஜிஎஃப், கோலார், முல்பாகல் பக்கம் உனக்கு. ஓகேவா?"

ஓகேவாவா? வேந்தன் மூன்று தடவை தலையாட்டினார்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை யாராவது எழுத முன்வந்தால், பாதியை ரயில்வே டைம்டேபிளிலிருந்தே காப்பி அடித்துவிடலாம். கோலார் தங்கவயலான கேஜிஎஃப்பில் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, ஊரிகம் உட்பட ஊரே காலையில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறது. முன்பு பூமிக்குள் இறங்கிய ஷிப்ட், இப்போது தண்டவாளத்தில் படுக்கைவாட்டில் ஓடுகிறது, அவ்வளவுதான். வேந்தன் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வந்தால் அவர் தூங்கிவிடுவார். பள்ளிக்கூடத்தில் 'என் அப்பா' என்று படம் வரையச் சொன்னதற்கு அவள் ஒரு முதுகை வரைந்து, அதற்குப் போர்வையும் போர்த்தி, நட்சத்திரம் வாங்கிக்கொண்டு வந்தாள். டீச்சர் அதை மலை என்று நினைத்துவிட்டாராம்.

ஆக, அந்தப் பேனா தேறினால் வேந்தனுக்கு ஒரு முகம் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் பரீட்சை நடந்தது. பழைய தராசு போர்டு ஒன்றை வைத்துக் கழற்றினார், பற்றவைத்தார், மறுபடி கழற்றினார். ஃபேனை முழு வேகத்தில் வைத்து, காற்றில் சூடு இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கவில்லை. தடித்த செம்புப் பட்டையில் பேனாவின் சூடான முனையான பிட்டை அழுத்தினார். திரையில் எண் லேசாகத் தடுமாறி, உடனே சமாளித்துக்கொண்டு நின்றது. ஈயம் பாதரசம் மாதிரி ஓடியது. ஒவ்வொரு தடவையும் "நிவேதா, இங்க வாயேன்!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"நானு மாவு ஆட்டறதா, உங்க பேனாவைப் பாக்கறதா?" என்றாள் நிவேதா. நாலாவது தடவை வந்து பார்த்தாள். "அது சரி, வேலை முடிஞ்சா அந்த ஒயரைப் பிடுங்க மாட்டீங்களா?"

"இன்னாத்துக்குப் பிடுங்கணும்? அதுவே தூங்கிக்கும்."

இங்கே ஒரு குடும்ப வியாதியைச் சொல்லியாக வேண்டும். வேந்தனின் அப்பா சுரங்கத்தில் லாம்ப் ரூம்காரர். சுரங்க லிஃப்டான கேஜில் இறங்கும் ஒவ்வொருவனுக்கும் தலையில் விளக்கு, இடுப்பில் பேட்டரி, இரண்டையும் சேர்க்கிற ஒயர் எல்லாம் கொடுத்து அனுப்புகிறவர். எல்லாருக்கும் ஒரே மந்திரம்தான்: மேலே ஏறி வந்து என் கையில் ஒப்படைக்கிற வரைக்கும் ஒயரில் கை வைக்காதே. கும்மிருட்டில் ஒயர் பிடுங்கிக்கொண்டால் ஆள் காலி. நியாயமான சட்டம். அது வீட்டுக்கும் வந்ததுதான் வினை. ரேடியோ, டார்ச், டிவி எதிலும் யாரும் ஒயரைப் பிடுங்கக் கூடாது. வேந்தன் வீட்டு மிக்ஸி கல்யாணமான அன்றைக்குச் செருகினது. நிவேதா பிடுங்குவாள், இவர் போகிற போக்கில் திரும்பச் செருகிவிட்டுப் போவார். கை தானாகச் செய்யும். இவர் வீடு மட்டுமல்ல, சுரங்கக்காரர்களுக்கென்று கட்டின ஊரிகம் லைன் வீடுகளில் பாதி இப்படித்தான்.

திங்கட்கிழமை. 'எல்லா கண்டிஷன்லயும்' என்று விநாயக் சொன்னதில் வேந்தனுக்குத் தெரிந்த ஆகக் கஷ்டமான கண்டிஷன் அவருடைய ரயில்தான். பவர் பேங்கை இடுப்பு பெல்ட்டில் மாட்டினார். ஒயரைச் சட்டைக்கு உள்ளே விட்டு மேலே எடுத்தார். கண்ணாடியில் பார்த்தால் ஷிப்டுக்குக் கிளம்பிய அப்பா நின்றிருந்தார், தலையில் லைட் மட்டும்தான் பாக்கி.

பெட்டியில் வழக்கமான ஜமா. ஜன்னலோரம் பியாட்ரிஸ், பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கடையில் கணக்குப் பார்ப்பவள். எதிரே முனியப்பன், ஒரு காலத்தில் அண்டர்கிரவுண்டில் கூரை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற டிம்பர் வேலை பார்த்தவர், இப்போது ஒயிட்ஃபீல்டு அபார்ட்மெண்ட் ஒன்றில் செக்யூரிட்டி. வேந்தனுக்கு அவர் மாமா. எந்த வழியில் என்று இருவருக்குமே தெரியாது.

"இன்னா வேந்தா, இடுப்புல பாம் கட்டிக்கினு வந்துகீறே?" என்றாள் பியாட்ரிஸ்.

"பாம் இல்லக்கா. உன் இயர்போனு ஒரு பக்கம் பாடலன்னு அழுதியே, குடு."

ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டி ஆடிக்கொண்டு போக, வேந்தன் தொடையில் ஒரு பலகையை வைத்து இயர்போன் ஒயரைச் சீவினார். பேனா கண் விழித்தது. எண்கள் விறுவிறுவென ஏறின. சுற்றி நின்றவர்கள் தலையை நீட்டினார்கள். ஒரு சொட்டு ஈயம், ஒரு கீற்றுப் புகை, முடிந்தது. பியாட்ரிஸ் காதில் செருகிப் பார்த்தாள். செத்துப்போனவர் எழுந்து உட்கார்ந்த வீட்டில் மட்டுமே பார்க்கக்கூடிய ஒரு முழி முழித்தாள்.

"ஐயோ, பாடுது டா!"

"ஓடுற ரயில்ல!" என்றார் முனியப்பன். "டேய், நம்ம காலத்துல இது இருந்திருந்தா..."

"இருந்திருந்தா இன்னா மாமா பண்ணியிருப்பீங்க?"

முனியப்பன் யோசித்தார். "பீடி பத்த வெச்சிருப்பேன்."

வெற்றி. வேந்தன் பேனாவைப் பலகையில் வைத்தார். அது நல்ல பிள்ளையாகத் தூங்கியதைத் திரை சொன்னது. பிட்டும் ஆறியது. கொக்கியில் தொங்கிய சாப்பாட்டுப் பையில் அதைப் போட்டார். அதில் பிளாஸ்டிக் டப்பாவில் எலுமிச்சை சாதம், மேலே ஒரு துண்டு. ஒயர்? ஒயர் பையிலிருந்து தொங்கி, இடுப்புக்கு வந்து, பவர் பேங்கில் பத்திரமாக இருந்தது. கை வைக்கக் கூடாதல்லவா. பிறகு ஜமாவின் தினசரிச் சடங்கான தூக்கத்தில் இறங்கினார். தராசு தூக்காத தோள், காலையில் வீட்டிலேயே காபி, மகளைப் பள்ளிக்கூட வாசலில் விடுகிற வண்டி என்று ஏதேதோ கனவு.

அவர் தூங்கினார்; பேனா தூங்கவில்லை. அசைத்தால் எழுந்துகொள்வது அதன் குணம். அந்த ரயிலோ, ஆடாமல் ஓடியதாகச் சரித்திரமே கிடையாது. பை ஆடியது, பேனா எழுந்தது. கொதித்தது. மறுபடி ஆடியது.

முதலில் மூக்கைத் தூக்கியவர் முனியப்பன். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். அடுத்த நொடி அந்த மனுஷனுக்குள் எங்கோ ஒரு பழைய சங்கு ஊதியது. எழுந்து நின்று, சுரங்கத் தளத்தை விட்டு வெளியேறச் சொல்கிற பழைய எச்சரிக்கையை அடித்தொண்டையில் கத்தினார்.

"பொகைய்ய்! லெவலைக் காலி பண்ணு! லெவலைக் காலி பண்ணு!"

வேறு ஊர் ரயிலாக இருந்தால் நெரிசலில் நாலு பேர் கால் ஒடிந்திருக்கும். இது கேஜிஎஃப் பெட்டி. சுரங்கத்தைக் கண்ணால் பார்க்காத பையன்கள்கூடக் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு, ஒருத்தன் தோளில் ஒருத்தன் கை வைத்து, வாயைத் துணியால் மூடி, கதவைப் பார்த்து வரிசை கட்டினார்கள். கூச்சல் இல்லை, தள்ளல் இல்லை. சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

ஒரே ஒரு ஆள்தான் ஒழுங்கைக் கெடுத்தது. வேந்தன்.

திடுக்கிட்டு எழுந்தவர் புகையைப் பார்த்தார், திரும்பி ஓடினார். சட்டென்று இடுப்பில் ஓர் இழுப்பு. கொக்கியிலிருந்து பை கழன்று விழுந்து, அவர் பின்னாலேயே புகைந்துகொண்டு வந்தது. வலது பக்கம் போனார். பையும் வலது பக்கம் வந்தது. சீட் மேல் ஏறினார். அதுவும் ஏறப் பார்த்தது.

"மாமா! தொரத்துது மாமா!"

"டேய், நீதான்டா இழுத்துக்கினு ஓடறே! ஒயரைப் புடுங்குடா!"

வேந்தன் கை பெல்ட்டுக்குப் போனது. பிளக்கைப் பிடித்தது. அதற்கு மேல் நகரவில்லை. சத்தியமாக நகரவில்லை. தீப்பிடிக்கிற பையோடு சேர்த்துக் கட்டிய மனுஷன், ஒயரைப் பிடுங்க முடியாமல் அப்படியே நின்றார். பியாட்ரிஸ்தான் பாய்ந்து வந்து வெடுக்கென்று பிடுங்கி, தண்ணீர் பாட்டிலை முழுசாகப் பை மேல் கவிழ்த்தாள். உஸ்ஸ் என்றது. பெட்டி முழுக்க எலுமிச்சையும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை; அதை எந்தச் சமையல் நிகழ்ச்சியிலும் சொல்லமாட்டார்கள்.

மாலூர் வந்தது. பெட்டி மொத்தமும் வரிசை கலையாமல் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றது. அடுத்த பெட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்து, "இன்னா, ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டார்கள். "இல்ல, வேந்தன்" என்று பதில் போனது. எல்லோரும் திரும்ப ஏறிக்கொண்டார்கள். பையைத் தட்டிவிடப் பார்த்ததில் வேந்தன் உள்ளங்கையில் ஒரு கொப்புளம், முகத்தில் செத்த களை. டப்பா உருகிச் சாதத்தோடு ஐக்கியமாகியிருந்தது. பேனாவைத் துடைத்துச் செருகிப் பார்த்தார். பாழாய்ப்போனது கம்பீரமாக எழுந்து டிகிரி காட்டியது.

"உன் சோறு, நீ கருக்கிக்கினே," என்றாள் பியாட்ரிஸ். "ஆபீஸ்ல இதைச் சொல்லாதே. சொன்னா அந்த ஆளு திட்டத்தையே தூக்கிக் குப்பையில போட்டுருவாரு. அப்பால காலம் பூரா எங்க மூஞ்சியத்தான் பாக்கணும்."

அதைத்தான் வேந்தனும் நினைத்துக்கொண்டிருந்தார். பேனா மேல் தப்பில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பையில் போடுவது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பிடுங்காமல் போடுகிற மடையன் கேஜிஎஃப்காரன் தவிர எவன் இருப்பான்?

அங்கேதான் அவர் நினைப்பு நின்றது. ஊர் ஊராகப் போடப்போகிற ஆட்கள் என்று விநாயக் சொன்ன பேர்களை நினைத்துப் பார்த்தார். பாதிப் பேர் கேஜிஎஃப். அத்தனை பேர் அப்பாவும் அதே லாம்ப் ரூமில் வரிசையில் நின்றவர்கள். அவர்களும் பையில் போடுவார்கள், ஒயரோடு. போட்டு, பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு முல்பாகல் ரோட்டில் குலுங்கக் குலுங்கப் போவார்கள்.

விநாயக் முன்னால் நின்றபோதும் 'ஒண்ணும் ஆவல சார்' என்பதுதான் வாயில் தயாராக இருந்தது.

"ஹேளு, சொல்லு குரு, பாஸா ஃபெயிலா?"

"அயர்ன் பாஸ் சார்," என்றார் வேந்தன். கொப்புளத்தைக் காட்டினார். "நான் ஃபெயிலு." எல்லாவற்றையும் சொன்னார். பை துரத்தியதைக்கூட. பெட்ரோல் டேங்க் விஷயத்தையும்.

விநாயக் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து வந்து வேந்தன் கையைப் பிடித்துக் குலுக்கினார், கொப்புளம் உள்ள கையையே.

"குரு, இது யாருக்குமே தோணியிருக்காது! திட்டம் நடக்கும். ஆனா அயர்ன் வாங்குற ஒவ்வொருத்தனுக்கும் முதல்ல ஒயரைப் பிடுங்கக் கத்துக்கொடுக்கணும். பழகுற வரைக்கும் விடக் கூடாது. அதுக்கு உன்னைவிட யாரு? நீ இங்கயே இரு. டெய்லி கொஞ்சம் சீக்கிரம் வந்துடு, என்ன?"

"சார், கேஜிஎஃப் ஏரியா..."

"அது நம்ம ரிப்பேர் டீம் மனோகருக்குக் குடுத்துடறேன். பேத்தமங்களாக்காரன்தானே அவன், கேஜிஎஃப்புக்குப் பக்கம்."

வேந்தனுக்கு அன்றைக்கு அடித்ததிலேயே பெரிய ஷாக் இதுதான். அதில் ஒயரே இல்லை.

மறுநாள், முதல் பயிற்சி வகுப்பு. மனோகரும் வந்திருந்தான். வேந்தன் பேனாவைக் கொடுத்து, பற்றவைக்கச் சொல்லி, "இப்ப பையில போடு" என்றார். மனோகர் ஒயரோடு போட்டான். அடுத்தவனும் அப்படியே. அதற்கடுத்தவனும். வேந்தன் ஒவ்வொருவனாக நிறுத்திப் பிடுங்க வைத்தார். அப்பா எந்த வார்த்தையைச் சொல்லி வீட்டைக் கட்டி ஆண்டாரோ, அதைத் தலைகீழாகத் திருப்பி, அதே அடித்தொண்டையில், நாள் முழுக்கக் கத்தினார்.

சாயங்கால ரயிலில் ஏறினால், பெட்டி வாசலிலேயே முனியப்பன் குறுக்கே கை நீட்டி நின்றார்.

"கையத் தூக்கு."

"இன்னா மாமா?"

"தூக்குடா. ஷிப்ட் முடிஞ்சு வெளிய வரச்சே சுரங்க கேட்டுல வாச்மேன் எங்களை எப்பிடித் தடவுனான் தெரியுமா? தங்கத்தைத் தேடுனான். நாங்க நெருப்பைத் தேடறோம்."

வேந்தன் கையைத் தூக்கினார். முனியப்பன் சட்டைப் பை, இடுப்பு, சாப்பாட்டுப் பை என்று முறையாகத் தடவினார். புதிய எவர்சில்வர் டப்பாவைத் திறந்துகூடப் பார்த்தார். செல்போனிலிருந்து பவர் பேங்குக்குப் போன ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"ஊரிகத்துல தருவேன். போ, உக்காரு."

பியாட்ரிஸ் தன் கைப்பையை எடுத்துவிட்டு ஜன்னலோரத்தைக் காட்டினாள். உட்கார்ந்ததும் நிவேதாவிடமிருந்து போன். மகள் பேச வேண்டுமாம். ஏரியா கைமாறிப்போனதை அவர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

"அப்பா, நாளைலேர்ந்து நீங்கதானே ஸ்கூல்ல விடுவீங்க?"

வேந்தன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துபோயிற்று.

"மாமா," என்றார், "ஒயரைக் குடு மாமா."

முனியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "ஊரிகத்துல."