வெர்னா அரைப் பக்கம் எழுதிய வருடம்

என் மனைவி வெர்னா சபோவிடம் எதைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நான் திக்கித் திணறிக் கேட்டபோது, "சரி, ஜூன்ல வச்சுக்கலாம் லூ" என்று சொல்லிவிட்டு வறுத்த மீனைத் தொடர்ந்து சாப்பிட்டாள். நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்த மீதி வசனமெல்லாம் வீணாய்ப் போயிற்று.

அவள் பார்த்த வேலையும் அவளை அப்படி ஆக்கிவிட்டது. வார நாட்களில் கிளீவ்லாந்தின் மேற்குப் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜை. சனி ஞாயிறுகளில் பெண்கள் ஸாஃப்ட்பால் ஆட்டங்களுக்கு அம்பயர். நீலச் சட்டை போடுவதால் எங்கள் ஊரில் அம்பயரை 'ப்ளூ' என்றுதான் கூப்பிடுவார்கள். "ப்ளூ, கண்ணு தெரியுதா இல்லையா?" "ப்ளூ, வீட்டுக்குப் போய் துணி மடிக்கலாமே!" என்று பார்வையாளர்கள் கத்துவார்கள். வெர்னா காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள். அவுட் என்றால் அவுட். காரணம் சொல்ல ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை ஆட்டம் முடியாது என்பது அவள் கட்சி.

சட்டம் படிக்கும் ஆசை அவளுக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகு வந்தது. ஒரு ஆட்டத்தில் மட்டை பறந்துபோய் யாரோ ஒருவருடைய மூக்கை உடைத்துவிட, வெர்னா கோர்ட்டில் சாட்சி சொல்லப் போனாள். மட்டை நழுவியதா, வீசப்பட்டதா என்று இரண்டு வக்கீல்களும் அவளைக் குடைந்து எடுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் இனி கோர்ட்டுப் பக்கமே வர மாட்டேன் என்று ஓடிவந்திருப்பார்கள். இவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "லூ, நான் வக்கீலுக்குப் படிக்கப்போறேன்" என்றாள். அந்த இலையுதிர் காலத்திலேயே ஏரிக்கரைச் சட்டக் கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

அந்தக் கல்லூரி மதிப்பெண் போடுகிற விதத்தை எனக்கு விளக்காதவர்கள் பாக்கியில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் வருடக் கடைசியில் ஒரே ஒரு பரீட்சை. விடைத்தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். புரொபசர் தாள்களைத் திருத்தி, நல்லதிலிருந்து மோசமானது வரை வரிசையாக அடுக்குவார். மேலே சிலருக்கு ஏ, நடுவில் பெரும்பாலோருக்கு பி, சி, கீழே சிலருக்குக் கட்டாயம் டி. வகுப்பின் சராசரி எங்கே நிற்க வேண்டும் என்று கல்லூரி முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கும். இதற்கு அவர்கள் 'வளைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வகுப்பு முழுவதும் மேதைகளாகவே இருந்தாலும் யாராவது கடைசியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஏ-வுக்கு நாலு புள்ளி, டி-க்கு ஒன்று; முதல் வருடச் சராசரி இரண்டு புள்ளிக்குக் கீழே இறங்கினால் கல்லூரியிலிருந்து நீக்கம்.

நான் வீட்டு ஹீட்டர்களைப் பழுதுபார்ப்பவன். பத்து ஹீட்டரைத் தொட்டால் பத்தும் எரிந்தால்தான் எனக்கு மரியாதை. ஒன்றாவது எரியாமல் இருந்தே ஆக வேண்டும் என்று எந்த முதலாளியும் என்னிடம் சொன்னதில்லை. இதை நான் சொன்னால் வெர்னா, "ரூல்னா ரூல்தான், லூ. எல்லாருக்கும் ஒரே ரூல்" என்பாள். அம்பயர் புத்தி எங்கே போகும்?

மே மாதம் பரீட்சை வந்தது. நான் கல்லூரி வாசலில் காருக்குள் உட்கார்ந்து பந்தய வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி ஆட்டம்கூட முடியவில்லை, வெர்னா கையை வீசிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மற்ற யாரும் வரவில்லை.

"முடிச்சிட்டியா?" என்றேன்.

"எப்பவோ முடிச்சாச்சு. மத்தவங்கல்லாம் இன்னும் எழுதிட்டே இருக்காங்க, பாவம். ஒருத்தி மூணாவது தாள் கேட்டு வாங்கறா!"

நாங்கள் அந்த மூன்றாவது தாள்காரிக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே ஐஸ்கிரீம் சாப்பிடப் போனோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்காரனிடம்கூடச் சொன்னேன். எல்லாப் பரீட்சையும் இப்படித்தான் போயிற்று. நாங்கள் நிறைய ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

ஜூனில் முடிவு வந்தது. வெர்னாவின் எண் பட்டியலின் அடியில், இரண்டு புள்ளிக் கோட்டுக்குக் கீழே இருந்தது. நீக்கம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் வீட்டுக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துவைத்துத் துடைத்தாள். பெட்டி சுத்தமாகத்தான் இருந்தது. அவள் அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் இரண்டு பேருமாக, அவள் தாள்களில் ஒன்றைத் திருத்திய புரொபசர் ஆம்ப்ரோஸ் ஃபிஞ்ச்சைப் பார்க்கப் போனோம். அவள் தாளைப் பார்க்கப் போனாள். நான் சண்டை போடப் போனேன். அவர் ஒல்லியான, தும்மிக்கொண்டே இருக்கிற மனிதர். வெர்னாவின் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். கேள்வி மட்டும் இரண்டு பக்கம். ஒருவர் படி உடைந்த ஏணியைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுக்கிறார், அவர் தன் மச்சானிடம் கொடுக்கிறார், மச்சான் அதிலிருந்து வழுக்கி அடுத்த வீட்டுக் கல்யாணக் கேக்கின்மேல் விழுகிறார். யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், விவாதிக்க. வெர்னாவின் மொத்தத் தாளே அரைப் பக்கம்தான்; இந்தக் கேள்விக்கு அவள் விடை: 'ஏணிக்காரர் கொடுக்க வேண்டும். கேக்குக்கும் சேர்த்து.' அதற்குக் கீழே அழகாகக் கோடு வேறு போட்டிருந்தாள்.

"முடிவு தப்பா சார்?" என்றாள் வெர்னா.

"சரிதாம்மா. எல்லாக் கேள்விக்கும் நீங்க எழுதின முடிவு சரி."

"அப்புறம் ஏன் கடைசி?" என்று நான் எகிறினேன்.

"முடிவுக்கு ஒரு மார்க்குதாங்க. மீதியெல்லாம் சண்டைக்கு. ஏணிக்காரரோட வக்கீல் என்ன சொல்வார், விழுந்தவரோட வக்கீல் அதுக்கு என்ன பதில் சொல்வார், அதுதான் பரீட்சையே. அதை நீங்க எழுதவே இல்லையே."

வெர்னா நெற்றியைச் சுருக்கினாள். "தோக்கப்போற கட்சி என்ன சொன்னா என்ன சார்?"

"தோக்கப்போற கட்சிக்கும் ஒரு வக்கீல் வேணுமேம்மா" என்று சொல்லிவிட்டு ஃபிஞ்ச் தும்மினார்.

நான் விடவில்லை. "ரெண்டு மார்க்கு கூடப் போட்டா உங்க சொத்தா குறைஞ்சிடும்?"

"இவங்களை ஒரு படி மேல ஏத்தினா, மேல இருக்கற ஒருத்தரை நான் கீழ இறக்கணும் மிஸ்டர் சபோ. அது யாருன்னு எனக்கும் தெரியாது. நம்பர்தான் தெரியும்."

வெர்னாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒரே ஒரு வழி இருந்தது. திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி, ஆகஸ்டில் கூடும் கல்லூரிக் குழுவிடம் மனு போடலாம். தோற்றதற்குக் காரணம் என்ன, அந்தக் காரணம் இனி இல்லை என்பதற்கு என்ன ஆதாரம், இரண்டையும் காட்ட வேண்டும். குழு முடியாது என்றால் அதோடு சரி. வக்கீல் ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான். காரணம் தெரிந்துவிட்டது. ஆதாரத்துக்கு எங்கே போவது?

வெர்னா பழக ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று.

"ராத்திரிக்கு பீட்சா சொல்லிடவா?" என்று கேட்பேன்.

"சொல்லலாம்கறதுக்கு நியாயம் இருக்கு. எனக்குச் சமைக்க அலுப்பு, உனக்குச் சமைக்கத் தெரியாது. ஆனா எதிர்த்தரப்புல பாத்தா, நேத்து வாங்கின கோழி கெட்டுப்போயிடும், உன் தொப்பையும் சாட்சி சொல்லும்."

"முடிவா என்ன வெர்னா?"

"முடிவுக்கு ஒரு மார்க்குதான்!"

கோழியும் கெட்டது, பீட்சாவும் வரவில்லை. அன்று ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டோம். போன வருடம் வரை வாயைத் திறந்தால் மூடிவிடுகிற பெண்ணோடு இருந்த நான், இப்போது எதிரும் புதிருமான இரண்டு வக்கீல்களோடு குடித்தனம் நடத்தினேன்.

ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை ஆட்டம். கடைசிச் சுற்று, சமமான ஓட்டங்கள். ஒரு பெண் தலைதெறிக்க ஓடிவந்து புழுதி கிளம்பத் தளப்பலகையை நோக்கிச் சறுக்கினாள். அதே நொடியில் பந்தும் வந்தது. மைதானமே வெர்னாவின் கையைப் பார்த்தது. அவுட் என்று கை மேலே போகவும் இல்லை, அவுட் இல்லை என்று பக்கவாட்டில் விரியவும் இல்லை.

"ஓடி வந்தவங்க பக்கத்துல நின்னு யோசிச்சா," என்றாள் வெர்னா, "கால் முதல்ல பட்ட மாதிரிதான் இருக்கு. ஆனா தடுத்தவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு..."

"ப்ளூ!" என்று ஒரு பக்கத்துப் பயிற்சியாளர் அலறினார். "அவுட்டா இல்லையா?"

"அதைத்தான் சொல்லவரேன். பந்து கையுறைக்குள்ள இருந்ததுன்னு வச்சுக்கிட்டா..."

"வச்சுக்கிட்டாவா? நீ என்ன ப்ளூ, பாக்கவே இல்லையா?"

இரண்டு பயிற்சியாளர்களும் மைதானத்துக்குள் வந்தார்கள். பிறகு இரண்டு அணிகளும் வந்தன. ஒருவருடைய சோடா இன்னொருவருடைய தொப்பியில் கொட்டியது. சறுக்கிய பெண் எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் புழுதியிலேயே படுத்திருந்தாள். திங்கட்கிழமை ஸாஃப்ட்பால் சங்கத்திலிருந்து ஃபோன் வந்தது: இந்தப் பருவம் முழுவதும் வெர்னா நீலச் சட்டை போட வேண்டாம்.

எல்லாம் போயிற்று என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். வெர்னா ஃபோனை வைத்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், எனக்குப் பயமாகிவிட்டது.

மனு விசாரணைக்குத் துணையாக ஒருவர் வரலாம் என்றார்கள், போனேன். குழுவில் மூன்று பேர், தலைவி மிசஸ் கார்னீலியா பிராட். கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆட்களைப் பார்ப்பார்.

"அந்தக் காரணம் இனிமே இல்லைன்னு எதை வச்சு நாங்க நம்பறது மிசஸ் சபோ?"

"என்னை அம்பயர் வேலையிலேருந்து நிறுத்திட்டாங்க மேடம்."

"அது உங்களுக்கு எதிரால்ல போகும்?"

"இல்ல மேடம். ரெண்டு பக்கமும் பேசினேன்னுதான் நிறுத்தினாங்க."

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, குழுவில் இருந்த தடித்த மனிதர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மிசஸ் பிராட் மட்டும் சிரிக்கவில்லை. "மைதானத்துல பேசினது இருக்கட்டும். உங்களைத் திரும்பச் சேக்கக் கூடாதுன்னு முதல்ல வாதாடுங்க. அப்புறம் சேக்கணும்னு வாதாடுங்க. பத்து நிமிஷம்" என்றார்.

வெர்னா எழுந்து நின்றாள். தனக்கு எதிராக ஆரம்பித்தாள். இந்தப் பெண்ணுக்கு வயதாகிவிட்டது என்றாள். முதல் வருடத்தில் கோட்டுக்குக் கீழே விழுந்தவர்கள் பிறகு வக்கீல் பரீட்சையிலும் விழுவது வழக்கம் என்றாள். ஒரு கோடைப் பழக்கத்தை வைத்து ஆயுள் பழக்கம் மாறிவிட்டது என்று எப்படி நம்புவது, நாளைக்குப் பரீட்சை பயத்தில் மறுபடி அரைப் பக்கம் எழுத மாட்டாள் என்று என்ன நிச்சயம் என்று கேட்டாள். கேட்கக் கேட்க எனக்கே இவளைச் சேர்க்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. அப்போது தடித்த மனிதர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

"நேரம் முடிஞ்சுது. இன்னொரு பக்கம்?" என்றார் மிசஸ் பிராட்.

"நேரம் முடிஞ்சிடுச்சே மேடம்" என்று சொல்லிவிட்டு என் மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

காரில் நான் வெடித்தேன். "ஒரு நிமிஷம் கேட்டா குடுத்திருப்பாங்கல்ல? உன்னை நீயே வெளிய அனுப்பிட்டியே வெர்னா!"

"ரூல்னா ரூல், லூ. எதிர்க்கட்சி கேஸ் ரொம்ப பலமா இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அழுகை வந்துவிட்டது. ஏரி ஓரமாக வண்டியை நிறுத்தி அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே சேர்த்துக்கொண்டார்கள், முதல் வருடத்தை முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவளுக்கு எதிராக அவள் பேசிய வாதத்தில் ஒரே ஓட்டைதான் இருந்தது, அதை அவளே பேசினாள் என்பதுதான் அந்த ஓட்டை என்று மிசஸ் பிராட் சொன்னாராம். ஃபிஞ்ச் தும்மலுக்கு நடுவே எங்களிடம் சொன்னார்.

அடுத்த மே மாதம் வெர்னா பரீட்சைக் கூடத்திலிருந்து கடைசி ஆளாக வந்தாள். விரல்கள் வீங்கியிருந்தன. அதற்குள் ஐஸ்கிரீம் கடையை மூடிவிட்டார்கள்.

ஜூனில் முடிவு ஒட்டிய அன்று, ஊரிலேயே நல்ல மீன் கிடைக்கிற உணவகத்தில் மேஜை சொல்லி வைத்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போனோம். அவள் எண் பட்டியலின் நட்டநடுவில் இருந்தது. நான் கூவிக்கொண்டு அவளைத் தூக்கப் பார்த்தேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. வெர்னா பட்டியலின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்குக் கீழே ஒரு எண் இருந்தது.

"போன வருஷம் நான் நின்ன இடம் லூ."

"இந்த வருஷம் நீ இல்லைல்ல? வா, மீன் ஆறிடும்."

"யாரோ இருக்காங்களே."

போய்ப் பலகைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபமாக வந்தது. ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள், கட்டிக்கொண்டார்கள், கத்தினார்கள், போனார்கள். கடைசியாகத் தீயணைப்புத் துறைச் சட்டையோடு ஓர் ஆஜானுபாகுவான மனிதர் வந்தார். பட்டியலின் உச்சியில் விரலை வைத்து மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தார். விரல் அடியில் போய் நின்றது. மறுபடியும் உச்சியிலிருந்து ஆரம்பித்தார்.

வெர்னா பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "இங்க வந்து உக்காருங்க. மனு போட ஆகஸ்ட் வரைக்கும் நாள் இருக்கு" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாருங்க?"

"போன வருஷம் அந்த இடத்துல இருந்த நம்பர்" என்றாள் வெர்னா.

அவ்வளவு பெரிய மனிதர் அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். நான் வாசலில் இருந்த ஃபோனுக்குப் போனேன். உணவகத்தைக் கூப்பிட்டு, வரத் தாமதமாகும், மேஜையை மூன்று பேருக்கு மாற்றி வையுங்கள் என்றேன்.