பெட்டியா, ரெண்டாவது பேட்டரியா

கூடாரம் போட்டுத் தங்கும் ரெண்டு ராத்திரிக்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்று எங்கள் வீட்டில் நடந்த சண்டை, வீடு வாங்கும்போதுகூட நடக்கவில்லை. ரானுயி என்ற புறநகரில் இந்த வீட்டை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். சமையலறை ஜன்னல் பெரிசா இருக்கு என்று நான் சொன்னேன், என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் பேட்டரி விஷயத்தில் மனிதர் இம்மிகூட அசையவில்லை. நானும் அசைகிற ஆள் இல்லை.

கரண்ட் எனக்குத்தான் தேவைப்பட்டது. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வரும். குறட்டை என்று ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்த பிறகு, ஒரு மெஷினைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மூக்கில் ஒரு மாஸ்க், அதிலிருந்து நீளமாக ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு மெஷின். ராத்திரி முழுக்க அது காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் நாள் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, போர் விமானம் ஓட்டுகிறவள் நைட்டியோடு நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் எழுந்தபோது, பல வருஷமாக நான் தூங்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த மெஷினைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் கடித்துவிடுவேன்.

சொல்வதற்குத்தான் யாருக்கும் தெரியாதே. நான், அவர், எங்கள் மகள், மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த சமாச்சாரம் அது. குறட்டை விடுகிற ஆம்பிளையைப் பற்றி நாலு பேர் கூடினால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதுவே பொம்பிளை என்றால், "ஐயோ பாவம், அவரு எப்படித்தான் தூங்குறாரோ" என்று என் புருஷனுக்குப் பரிதாபம் கிளம்பும். பரிதாபத்தை அவருக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இதில் கேம்பிங் எங்கே வந்தது என்றால், ஒவ்வொரு ஜனவரியும், இந்த நாட்டுக் கோடை விடுமுறையில், நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து வடக்கே ஒரு கடற்கரைக்குப் போவோம். புல்வெளி, பொதுக் குழாய், கழிப்பறை, இவ்வளவுதான் அங்கே வசதி. கரண்ட் கிடையாது. மெஷின் வந்த பிறகு ரெண்டு வருஷம் நான் காலையில் என் காரை எடுத்துக்கொண்டு போய், பகல் முழுக்க இருந்துவிட்டு, இருட்டுவதற்குள் தனியாகத் திரும்பிவிடுவேன். அவரும் மகளும் தங்குவார்கள். கேட்டவர்களிடம் மறுநாள் வேலை இருக்கிறது என்பேன். ஜனவரி முதல் வாரம் இந்த நாடே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துக் கிடக்கும்போது எனக்கு மட்டும் என்ன வேலை என்று நல்லவேளையாக யாரும் நோண்டவில்லை.

மூன்றாவது வருஷம் எனக்கே பொறுக்கவில்லை. சாயங்காலம் எடுத்த படங்களில் ஒன்றில்கூட நான் இல்லை. மகளுக்குப் பன்னிரண்டு வயது. இன்னும் ஒரு வருஷம் போனால் சிநேகிதிகள்தான் உலகம், அம்மா அப்பாவோடு கூடாரத்தில் படுப்பாளோ மாட்டாளோ. இந்த முறை நான் தங்கித்தான் ஆகவேண்டும், ஆனால் ஒருத்தருக்கும் மெஷின் தெரியக் கூடாது என்று வீட்டில் அறிவித்தேன்.

அவருக்கு அது போதும். ஏற்கெனவே அவர் கண் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் கூட்டத்தில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார், மவுண்ட் ஆல்பர்ட்டில் வீடு. அவருடைய வேனில் ரெண்டாவதாக ஒரு பேட்டரி வைத்திருந்தார். வண்டி ஓடும்போது அதுவும் சேர்ந்து சார்ஜ் ஆகும். வண்டி நின்ற பிறகு அதிலிருந்து ஒரு ஃபிரிட்ஜ் ஓடும். எவ்வளவு இழுத்தாலும் வண்டியை ஸ்டார்ட் பண்ணும் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. எல்லாரும் உருகிப்போன ஐஸ் தண்ணீரில் பால் பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அண்ணன் மட்டும் வேன் கதவைத் திறந்து ஜில்லென்று இஞ்சி பீர் எடுத்து நீட்டுவார். அந்த முதல் பாட்டிலிலேயே என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார்.

மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எங்கள் வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்த அவர், இங்கே எலுமிச்சம்பழம் வைக்கக்கூட இடமில்லை, டிக்கியில்தான் வைக்கணும் என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். டிக்கியில் வைத்தால் குக்கரை எங்கே வைப்பது என்று நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் மடியில் என்றார்.

எனக்குப் பெட்டிதான் பிடித்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் அந்த லித்தியம் பெட்டிகள் கடைக்கு வர ஆரம்பித்திருந்தன. கைப்பிடி வைத்த ஒரு சின்ன டப்பா, வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், முகப்பில் எவ்வளவு மிச்சம் என்று சதவீதம் காட்டும். வண்டியில் ஓட்டை போட வேண்டாம், வண்டியை விற்றாலும் பெட்டி நம்மோடு இருக்கும் என்று என் பக்கத்து நியாயங்களை அடுக்கினேன். அவரும் சளைக்கவில்லை. பெட்டி தீர்ந்தால் தீர்ந்ததுதான், அந்தக் காட்டில் எங்கே போய்ச் சொருகுவே, பேட்டரி என்றால் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தாலே கொஞ்சம் ஏறிடும் என்றார். அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியில் ஒரு நாள் இட்லி ஊற்றிக்கொண்டே உண்மையைச் சொன்னேன். பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் கார்களை வேலி ஓரமாக வரிசையாக விடுவோம், கூடாரம் நடுவில். காரிலிருந்து கரண்ட் எடுத்தால் ஒயர் மூன்று கூடாரத்தைத் தாண்டித்தான் என் தலைமாட்டுக்கு வரும். ஒயரைப் பார்த்தால் எங்கே போகிறது என்று கேட்பார்கள். பெட்டி என்றால் கூடாரத்துக்குள்ளேயே, போர்வைக்குப் பின்னால், சத்தமில்லாமல் இருந்துவிடும்.  சரி, பெட்டியே வாங்கு என்றார் அவர். ஜெயித்துவிட்டேன் என்றாலும் இட்லி அன்றைக்கு ருசிக்கவில்லை.

பெட்டி வந்தது. படுக்கையறையிலேயே ஒரு ராத்திரி ஒத்திகை பார்த்தோம். மெஷினில் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட்டால் ஒரு ராத்திரிக்குப் பாதிக்கும் குறைவாகத்தான் எடுத்தது. ரெண்டு ராத்திரி தாராளமாக வரும். இதற்காகவா ஆறு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடற்கரையில் போய் இறங்கியதும் பெட்டியைப் போர்வையில் சுற்றித்தான் தூக்கினேன். போர்வை நழுவியது. எங்கள் கூட்டத்து மலேசியாக்கார அக்கா பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். போன் சார்ஜ் போட என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், எல்லாரும் போட்டுக்கலாம் அக்கா என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டேன். மனசு நிறைந்த சந்தோஷத்தில் வந்த வார்த்தை அது. மூன்று வருஷத்துக்கு அப்புறம் ராத்திரி தங்கப் போகிறேன் இல்லையா!

முதலில் போன்கள் வந்தன. வரட்டும், அது பெரிய தீனி இல்லை. அப்புறம் மெத்தைக்குக் காற்றடிக்கும் மோட்டார் வந்தது, பாட்டுப் பெட்டி வந்தது, பிள்ளைகளின் டேப்லெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அக்கா மிளகாய்ச் சம்பால் அரைக்க மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடற்கரைக்கு மிக்ஸி கொண்டு வருவதற்கு நம் ஆட்களை விட்டால் உலகத்தில் ஆள் கிடையாது. மிக்ஸியைச் சொருகியதுமே பெட்டி கீச்கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துக்கொண்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் ஏதோ பொத்தானை அழுத்தி அதை எழுப்பிவிட்டார். எழுப்பியதோடு, காரிலிருந்த மின்சாரக் குளிர்பெட்டியையும் கொண்டுவந்து, கோழி கெட்டுடும், கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று சொருகிவிட்டுக் கடலில் குளிக்கப் போனார்.

அந்தக் கொஞ்ச நேரம் மத்தியானம் முழுக்க நீண்டது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வேன்? என் வீட்டுக்காரர் கிரிக்கெட் மட்டையோடு நின்றபடி தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி வெங்காயம் நறுக்கினேன். பெட்டியின் முகப்பில் எண் எண்பதுக்குக் கீழே, அறுபதுக்குக் கீழே, நாற்பதுக்குக் கீழே என்று இறங்கிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் முப்பத்தொன்றில் நின்றபோது, சரி, இந்த வருஷமும் கிளம்பிட வேண்டியதுதான் என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம். மறுநாள் வேலை என்ற அதே பொய் கைவசம் இருக்கிறது. கார்ச்சாவியைத் தேட எழுந்தேன்.

நான் பையைத் துழாவுவதை மகள் பார்த்துவிட்டாள். எங்கள் மகள் தமிழில் எது கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். பெரியவர்கள் முன்னால் வாயே திறக்க மாட்டாள். அவள் நேராகப் பெட்டிக்கிட்டே போய், குளிர்பெட்டி, பாட்டுப் பெட்டி என்று எல்லா ஒயரையும் பிடுங்கினாள். பாட்டு நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கையில் பிடுங்கிய ஒயர்களோடு நின்றுகொண்டு தமிழில் சொன்னாள்:

"இது போன் சார்ஜர் இல்ல. அம்மா தூங்கும்போது மூச்சு விடுறதுக்கு மெஷின் இருக்கு. அதுக்குத்தான் இது."

எனக்கு அப்படியே மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அக்கா தன் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் கடலிலிருந்து ஏறி வந்திருந்த அவர் துண்டோடு ஓடி வந்து ஈரக் கையாலேயே ஆளாளுக்கு போன்களைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் மட்டும் எதையும் காட்டிக்கொள்ளாமல் குனிந்து பெட்டியின் எண்ணைப் பார்த்தார். ராத்திரிக்கு இது காணுமோ என்று என்னைக் கேட்டார். போதாது என்று தலையாட்டினேன்.

"அதுக்கென்ன தங்கச்சி, நான் வேனை இஞ்சால கொண்டு வாறன். ஃபிரிட்ஜைக் கழட்டினாச் சரி. இறால் கிடக்கு, அதை இண்டைக்கே எல்லாருமாச் சாப்பிடுவம்."

எந்த நோய், எப்போதிலிருந்து, எதற்கு மறைத்தாய், ஒன்றும் கேட்கவில்லை. வேன் புல்வெளிக்கு நடுவில் வந்து எங்கள் கூடாரத்தை ஒட்டி நின்றது. மூன்று நாளைக்கென்று வைத்திருந்த இறால் அத்தனையும் ஒரே சட்டியில் ஏறியது.

எனக்கோ கோபம் தணியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணி பிடிக்க வா என்று மகளை இழுத்துக்கொண்டு போனேன். குழாயடியில் அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரியா சொல்லுவே, என் மானத்தை வாங்கிட்டியேடி என்றேன். அவள் குழாயைத் திறந்து குடத்தை அடியில் வைத்தாள். பிறகு ஆங்கிலத்தில், ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள். நான் மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை, அவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண்ணசந்துவிட்டேனாம். கார் அடுத்த லேனுக்குள் போனதாம். அவள் கத்தியதும் முழித்துக்கொண்டு, பூனை குறுக்கே வந்தது என்று சொன்னேனாம். எனக்கு அந்தப் பூனை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் நம்பிவிட்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆங்கிலத்திலேயே அவள் மேலே சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான்:

"ரெண்டு வருஷமா நீ இங்கேருந்து தனியா கிளம்பிப் போவே. வீட்டுக்கு வந்துட்டேன்னு உன் மெசேஜ் வர்ற வரைக்கும் நான் விளையாட மாட்டேன். அப்பாவோட போனை வச்சுக்கிட்டுக் கழிப்பறைக்குப் பின்னாடி உக்காந்திருப்பேன். அங்கேதான் சிக்னல் வரும்."

சாயங்காலப் படங்களில் நான் இல்லை என்றுதான் இத்தனை நாளும் புலம்பிக்கொண்டிருந்தேன். அவளும் ஒன்றிலும் இல்லை. அது என் கண்ணில் படவே இல்லை. மெஷின் வந்த பிறகு எனக்கு அப்படிக் கண் சொருகுவதே இல்லை, பகலில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று இவளிடம் யாருமே சொல்லவில்லை. ரகசியம் என்று வாயை மூடச் சொன்னோம், அவளும் மூடிக்கொண்டாள்.  குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, ரெண்டு பேருமே குழாயை மூடவில்லை.

"அப்போ இன்னைக்கு நீ கார் ஓட்டல இல்ல?" என்று கேட்டாள், இந்த முறை தமிழில்.

"ஓட்டலடி. இங்கேயேதான் இருக்கேன்."

 இறால் தீர்ந்துவிடப் போகிறது என்று ஓடிவிட்டாள். நான் குழாயடியில் நின்று நன்றாக அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்தபடி எல்லாரும் இருந்த இடத்துக்கு நடந்தேன்.